பாரம்பரிய வீட்டில் திருட்டும் நாசவேலையும்: பட்டியலில் சேர்த்துவிட்டால் சட்டம் காப்பாற்றுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பரம்பரையாக வந்த பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. யாரோ புகுந்து வேலைப்பாடுள்ள கதவுகளை நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த சுவர்களில் ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல். அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் இனி இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளுமா, மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலருக்கும் பிடிக்காத பதில்தான் இது. பட்டியலில் சேர்த்ததும் சட்டம் முதலில் கட்டிப்போடுவது உங்களைத்தான், திருடனை அல்ல. பாரம்பரியக் கட்டடச் சட்டங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டது உரிமையாளர் இடித்துவிடக் கூடாது, மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. இரவில் கடப்பாரையோடு வருகிறவன் அந்தச் சட்டங்களை எழுதியவர்களின் மனதில் அவ்வளவாக இல்லை. அவனைப் பிடிக்க வேண்டியது சாதாரணக் குற்றவியல் சட்டம். அதற்கோ பழைய வீட்டின் அருமை தெரியாது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உலகத்திலேயே கடுமையானவற்றுள் ஒன்று. அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலை செய்தாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு, பட்டியலிடப்பட்ட கட்டடத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பதைத் தனிக் குற்றம் ஆக்குகிறது. படித்தவுடன் இதோ நாசக்காரனுக்கான பிரிவு என்று தோன்றும். ஆனால் அடுத்த உட்பிரிவைப் பார்த்தால், இந்தத் தடை இல்லாவிட்டால் அந்தச் செயலைச் செய்ய உரிமை உள்ளவர் மட்டுமே இதில் குற்றவாளி ஆக முடியும். அதாவது உரிமையாளரும் அவரைப் போன்ற உரிமை உள்ளவர்களும். சுவரேறிக் குதித்து வந்தவன் மேல் அந்தப் பிரிவு பாயாது. அவனுக்கு 1971-ஆம் ஆண்டின் சொத்துச் சேதச் சட்டம்தான். அது லேசான சட்டம் இல்லை, 10 ஆண்டு வரை சிறை தரலாம். ஆனால் புதுக் கார் கண்ணாடியை உடைத்தவனுக்கும் 300 வருடத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்தவனுக்கும் அது ஒன்றே.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு வீட்டைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கலாம், வாசலில் வெண்கலப் பலகை மாட்டிக்கொள்ளலாம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் அந்த வீட்டைப் பாதிக்குமானால் அதிகாரிகள் முன்கூட்டி ஆலோசிக்க வேண்டும். அவ்வளவுதான். தனியார் உரிமையாளர் தன் பணத்தில் இடித்தால்கூட அந்தப் பதிவேடு தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் நகராட்சியின் உள்ளூர் விதி இருக்க வேண்டும். திருடனைப் பற்றி அந்தப் பதிவேட்டுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. பலகையைப் பார்த்து உள்ளே நல்ல சாமான் இருக்கும் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டுமானால் உதவலாம்.

இதில் முன்னேறிய நாடுகள் பிரான்ஸும் இத்தாலியும். பிரான்ஸின் குற்றவியல் தொகுப்பில், அரசு பாரம்பரியச் சின்னமாக வகைப்படுத்திய அல்லது பதிவுசெய்த கட்டடத்தைச் சேதப்படுத்துவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது: 7 ஆண்டு சிறை, 1,00,000 யூரோ அபராதம். வகைப்படுத்தப்பட்ட அசையும் பொருளைத் திருடினாலும் அதே தண்டனை. அபராதத்தை அந்தப் பொருளின் மதிப்பில் பாதிவரை உயர்த்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இத்தாலி 2022-இல் கலாசாரச் சொத்துக் குற்றங்களுக்கென்று தன் குற்றவியல் சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்த்தது. கலாசாரப் பொருளைத் திருடினால் 2 முதல் 6 ஆண்டு. சேதப்படுத்தினால் 2 முதல் 5 ஆண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு: சேதப்படுத்தியவருக்குத் தண்டனையை நிறுத்திவைக்க நீதிமன்றம் முன்வந்தால், கெடுத்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதையோ பின்விளைவுகளை நீக்குவதையோ நிபந்தனையாக வைக்க வேண்டும். சிறைத் தண்டனை வீட்டுக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. இந்த நிபந்தனை தரும்.

இத்தாலியின் 2004-ஆம் ஆண்டுக் கலாசாரச் சொத்துத் தொகுப்பில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓவியச் சுவர்ப்பூச்சு, குலச்சின்னம், கல்வெட்டுப் பலகை, அலங்கார வேலைப்பாடு இவற்றைக் கட்டடத்திலிருந்து பெயர்ப்பதற்கே அனுமதி வேண்டும், அந்தக் கட்டடம் தனியே அறிவிக்கப்படாமல் இருந்தாலும். பெரும்பாலான நாடுகளில் பட்டியலில் இல்லாத வீடு சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஜெர்மனியோ நேர் எதிர். கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் திருடுவது அங்கே கடுமையான திருட்டாகக் கருதப்படும். ஆனால் அந்தப் பொருள் பொதுமக்கள் பார்க்கும் சேகரிப்பில் அல்லது காட்சியில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கூடத்தில் நின்ற தூண் அந்தக் கணக்கில் வராது.

ஆக, பெரும்பாலான இடங்களில் உங்கள் வழக்கு சாதாரணத் திருட்டுச் சட்டத்தின் கையில்தான் விழும். அங்கே போனதும் எழும் முதல் கேள்வியே விசித்திரமானது: கதவு நிலையைத் திருட முடியுமா?

சிரிக்காதீர்கள். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் திருட்டு என்றால் அசையும் பொருளை எடுத்துச் செல்வது. மண்ணோடு, கட்டடத்தோடு பொருந்திய எதுவும் அசையாச் சொத்து, அதைத் திருட முடியாது என்பது கோட்பாடு. கூரையின் ஈயத் தகட்டை உரித்தவன் இந்த ஓட்டை வழியே நழுவாமல் இருக்கத் தனிச் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், நிலம் தன் வசம் இல்லாத ஒருவர் அதில் பொருந்திய எதையேனும் பெயர்த்து எடுத்தால் அது திருட்டே என்று வெளிப்படையாக எழுதி வைத்தது. இந்தியச் சட்டம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது: பூமியோடு பொருந்திய பொருள் திருட்டுக்கு உரியதல்ல, பெயர்க்கப்பட்ட கணத்தில் உரியதாகிவிடும், பெயர்த்த அதே செயலே திருட்டாகவும் ஆகலாம். இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 303-ஆவது பிரிவில் தொடர்கிறது. குடியிருக்கும் வீட்டில் அல்லது பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்றால் 305-ஆவது பிரிவு, 7 ஆண்டு வரை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவது பாதி முக்கியம். ஆள் குடியிருக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடினால், சாமான்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த இடம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு உள்ளே என்ன இருந்தது என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எது கட்டடத்தின் பகுதி, எது வெறும் சாமான் என்ற வம்பு பெரிய நீதிமன்றங்களையே அலைக்கழித்திருக்கிறது. ஆங்கில நீதிமன்றங்கள் இரண்டு அளவுகோல் வைத்திருக்கின்றன: எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, எந்த நோக்கத்தில் பொருத்தப்பட்டது. வோபர்ன் அபே என்ற மாளிகையில் சிற்பி கனோவாவின் ‘மூன்று தேவியர்’ சிலை, அதற்காகவே கட்டிய மண்டபத்தில்தான் நின்றது. ஆனாலும் 1990-இல் அது கட்டடத்தின் பகுதி அல்ல என்று முடிவானது, விற்கப்பட்டது. வாரிக்‌ஷயரில் உள்ள இட்லிகோட் ஹவுஸின் தோட்டத்தில் கல்தூண்கள் மேல் நின்ற இரண்டு ஈயக் கலசங்கள் தனியாகவே பட்டியலிடப்பட்டிருந்தன. உரிமையாளருக்கே அது தெரியாது. 2009-இல் ஏலத்தில் விற்றுவிட்டார், கலசங்கள் நாடு தாண்டிவிட்டன. பல ஆண்டு கழித்து உள்ளாட்சி அவற்றைத் திரும்ப வைக்கச் சொன்னது. வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒரு பொருள் ‘கட்டடம்’ ஆகிவிடாது, அது உண்மையில் கட்டடம்தானா என்று உரிமையாளர் கேள்வி கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. திருட்டு வழக்கு இல்லைதான். ஆனால் பட்டியலில் ஒரு வரி இருப்பதை நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது.

பிரான்ஸ் இந்தக் குழப்பத்தை 2016-இல் வேறு விதமாக அணுகியது. வீட்டோடு வரலாற்றுத் தொடர்புள்ள அசையும் பொருள்களை ஒரு தொகுதியாக வகைப்படுத்தலாம்; அவற்றை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் உரிமையாளரின் சம்மதத்தோடு விதிக்கலாம். நாற்காலியா கதவா என்ற சண்டைக்கே இடமில்லை.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தை நினைவூட்ட வேண்டும். தொல்பொருள் என்றால் சிலையும் செப்பேடும் மட்டுமே என்று நினைக்கிறோம். அந்தச் சட்டத்தின் வரையறையில் ‘கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ பிரித்தெடுக்கப்பட்ட பொருள்’ என்பதும் இருக்கிறது, 100 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும். உங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும், அதிலிருந்து பெயர்த்த 120 வருடத்துக் கதவு தொல்பொருள் ஆகிவிடலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. இதைப் புகாரில் எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். 1958-ஆம் ஆண்டின் நினைவுச்சின்னச் சட்டமோ மத்திய அரசு பாதுகாக்கும் 3,700-க்குச் சற்றுக் குறைவான இடங்களுக்கானது. அவற்றில் பெரும்பாலானவை கோயில், கோட்டை, கல்லறை வகை. வீட்டுக்காரர் அதைப் பிடித்துத் தொங்கிப் பயனில்லை.

அடுத்த சிக்கல் மதிப்பு. காவல் நிலையத்தில் கேட்கும் கேள்வி “எவ்வளவு பெறும்?” என்பது. ஈயத் தகட்டைத் திருடியவனுக்கு அது எடைக் கணக்கு. அது போன பின் ஒரே மழைக்காலத்தில் மர உத்தரம் ஊறி, சுண்ணாம்புக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவது வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம். நீதிமன்றம் முதல் கணக்கை மட்டும் பார்த்தால் சில்லறைத் திருட்டு, சின்ன அபராதம். இங்கிலாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள திருட்டுக் குற்றத் தண்டனை வழிகாட்டி, பாரம்பரியச் சொத்துக்கு நேர்ந்த சேதத்தைக் கூடுதல் பாதிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் தண்டனை வழிகாட்டியில் 2002 முதல் கலாசாரப் பாரம்பரியப் பொருளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சந்தை விலையோடு சீரமைப்புச் செலவையும் சேர்த்தே கூட்டுகிறார்கள். இந்த இரண்டும் இல்லாத நாடுகளிலும் வழி இருக்கிறது: பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் மீட்டமைப்புச் செலவுக்கு எழுத்துமூலம் மதிப்பீடு வாங்கிப் புகாரோடு இணைப்பது. திருடன் விற்ற விலை அவன் கணக்கு, உங்கள் இழப்பு அல்ல.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது, வாங்குகிறவர்கள். பெயர்த்த கதவை யாரும் தன் வீட்டில் மாட்டிக்கொள்ளத் திருடுவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆளில்லாத பழைய செங்கல் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். எரிந்த சூட்டிலும் தீயணைப்புக் குழாயின் நீர் வேகத்திலும் செங்கற்களைப் பிணைக்கும் சுண்ணாம்புக் காரை இளகிவிடும், செங்கல்லைக் கழற்றுவது எளிது. அந்தச் செங்கற்கள் வேறு மாநிலங்களில் பழமை மணக்கும் புது வீடுகள் கட்ட விலைபோயின. அங்கே கதவைப் பூட்டிப் பயன் என்ன? சந்தையைப் பூட்ட வேண்டும். இங்கிலாந்து அதைத்தான் செய்தது. காயலாங்கடைகளுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் வேண்டும், விற்க வந்தவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், ரொக்கமாகப் பணம் தரவே கூடாது என்றது. கூரை உலோகத் திருட்டை இது தடுத்த அளவுக்கு எந்தத் தண்டனை உயர்வும் தடுத்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பழம்பொருள் வியாபாரத்துக்கு அங்கே 2003-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் உண்டு. வரலாற்று, கட்டடக்கலை மதிப்புள்ள கட்டடத்தின் பகுதியாக எப்போதாவது இருந்து, சட்டவிரோதமாகப் பெயர்க்கப்பட்ட பொருளை அது களங்கப்பட்டது என்று அழைக்கிறது. தெரிந்துகொண்டே நேர்மையின்றி அதை வாங்குவது, விற்பது, இடைத்தரகு செய்வது எல்லாம் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. பெயர்த்தது எந்த நாட்டில் என்பது பொருட்டல்ல. வேறு நாட்டு வீட்டின் தூண் லண்டனில் விற்பனைக்கு வந்தாலும் இந்தச் சட்டத்தைச் சொல்லலாம்.

கண்டுபிடித்தாலும் திரும்பக் கிடைக்குமா? அது பொருள் எந்த ஊர் வழியாகப் போனது என்பதைப் பொறுத்தது. அநியாயம் என்றாலும் அதுதான் நிலைமை. திருடனுக்கு இல்லாத உரிமையை அவனிடம் வாங்கியவர் பெற முடியாது என்பது ஆங்கில மரபு நாடுகளின் அடிப்படை விதி. இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அதையே சொல்கிறது. இத்தாலியின் சிவில் சட்டப்படியோ, திருட்டுப் பொருள் என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு, உரிமை மாற்றத்துக்கு ஏற்ற முறையில் வாங்கியவர் பொருளைக் கையில் பெற்ற உடனே உரிமையாளர் ஆகிவிடுவார். 1980-இல் லண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கில், இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து திருடிய ஜப்பானியக் கலைப்பொருள்கள் இத்தாலியில் விற்கப்பட்டு, வாங்கியவரால் மறுபடி லண்டனுக்கே ஏலத்துக்கு அனுப்பப்பட்டன. பொருள் கண்ணெதிரே இருந்தது. ஆனால் விற்பனை நடந்தது இத்தாலியில், எனவே இத்தாலியச் சட்டமே செல்லும் என்றார் நீதிபதி. நியூயார்க் இதற்கு எதிர்முனை: நல்லெண்ணத்தோடு வாங்கியவர் மேல் வழக்குப் போடும் காலவரம்பு, நீங்கள் திருப்பிக் கேட்டு அவர் மறுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும்.

சர்வதேச ஒப்பந்தங்களிலும் வீடுகள் கொஞ்சம் ஓரம்கட்டப்பட்டவைதான். யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை, துண்டாடப்பட்ட நினைவுச்சின்னங்களின் பாகங்களையும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட மரச்சாமான்களையும் கலாசாரச் சொத்து என்று ஏற்கிறது. ஆனால் திருட்டுப் பொருளைத் திருப்பித் தரும் கடமையைச் சொல்லும் 7-ஆவது பிரிவு, அருங்காட்சியகம், மத அல்லது பொது நினைவுச்சின்னம், அதுபோன்ற நிறுவனம் ஆகியவற்றின் இருப்புப் பட்டியலில் இருந்தவற்றை மட்டுமே பேசுகிறது. தனியார் வீடு அதில் இல்லை. தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான யுனித்ராவின் 1995 உடன்படிக்கை இந்த இடைவெளியை அடைக்கிறது: தனியாரிடம் திருடியதையும் திருப்பித் தர வேண்டும்; இருப்பிடமும் வைத்திருப்பவரும் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள், பொதுவாகத் திருட்டு நடந்து 50 ஆண்டுக்குள் கேட்க வேண்டும்; விசாரித்து வாங்கியவருக்கு நியாயமான இழப்பீடு உண்டு. பெரிய கலைச் சந்தை உள்ள சில நாடுகள் இதில் சேரவில்லை என்பதுதான் குறை.

நாசவேலை பற்றித் தனியாகக் கொஞ்சம். கிறுக்கலைப் பார்த்ததும் வரும் கோபத்தில் ஆசிட், கம்பி பிரஷ், மணல் பீய்ச்சும் இயந்திரம் என்று இறங்காதீர்கள். முதல் காரணம், மென்மையான கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கிறுக்கலைவிட அந்தச் சுத்தத்தால் அதிகம் கெடும். இரண்டாவது காரணம் சட்டம்: பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் தோற்றத்தை மாற்றும் அளவுக்குச் சுத்தம் செய்வதற்கே பல இடங்களில் அனுமதி வேண்டும். கிறுக்கியவன் தப்பித்துவிட, துடைத்தவருக்கு நோட்டீஸ் வரும் கேவலம் நடக்கக் கூடியதுதான். திருடுபோன ஈயக் கூரைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போடுவதற்கும் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு மழை இறங்கினாலும் தொல்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சி அவசரப் பணிகளைத் தானே செய்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம்; பழுதுபார்க்கும் நோட்டீஸ் கொடுத்து, கண்டுகொள்ளாவிட்டால் கட்டடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் வரை போகலாம். திருடன் தொடங்கி வைத்ததற்கு உரிமையாளர் பதில் சொல்லும் இந்த ஏற்பாடு கொடுமையாகத் தோன்றும். ஆனால் இது இல்லாவிட்டால், ‘யாரோ நாசம் செய்துவிட்டார்கள்’ என்று சொல்லி இடிக்கக் காத்திருக்கும் உரிமையாளர்களுக்கு வசதியாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை. லண்டனின் கார்ல்டன் டாவர்ன் என்ற மதுவிடுதி, பட்டியலில் சேர்ப்பது பற்றிய பரிசீலனை நடந்துகொண்டிருந்த 2015-இல் இடிக்கப்பட்டது. செங்கல் செங்கல்லாகத் திரும்பக் கட்டு என்று உள்ளாட்சி உத்தரவிட்டது. கட்டினார்கள், 2021-இல் மறுபடி திறந்தது.

இன்னொரு எச்சரிக்கை. சட்டம் உதவவில்லை என்ற ஆத்திரத்தில் சிலர் கதவில் மின்சாரம் பாய்ச்சுவது, பொறி வைப்பது என்று யோசிக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதி, பரம்பரையாக வந்த ஆளில்லாத பண்ணை வீட்டில் அடிக்கடி திருட்டு நடப்பது பொறுக்காமல், படுக்கையறைக் கதவைத் திறந்தால் சுடும்படி துப்பாக்கி கட்டி வைத்தார்கள். பழைய பாட்டில்களும் ஜாடிகளும் எடுக்க வந்தவனின் கால் சிதைந்தது. திருடவே வந்தேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். இருந்தும் அவனுக்கு 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்பதை 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சொத்தைவிட உயிர் பெரிது, திருடனின் உயிரும் அதில் சேர்த்தி என்பது ஏறக்குறைய எல்லா நாட்டு நீதிமன்றங்களின் நிலை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முன்னே சொன்ன பட்டியல்தான். அரசுப் பட்டியலில் வீட்டின் பெயரைச் சேர்ப்பதைவிட, வீட்டுக்குள் இருப்பதை நீங்கள் பட்டியல் போடுவது திருட்டு வழக்கில் நூறு மடங்கு உதவும். இதற்கு ஆப்ஜெக்ட் ஐடி என்று ஒரு சர்வதேச முறை 1997-இலேயே வந்துவிட்டது. பொருளின் வகை, என்ன மரம் அல்லது உலோகம், அளவு, எழுத்தோ முத்திரையோ உண்டா, காலம், செய்தவர் என்பதோடு, இதேபோன்ற வேறொன்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எது என்பதையும் எழுதச் சொல்கிறது. உண்மையில் வழக்கை ஜெயிக்க வைப்பது அந்தக் கடைசி வரிதான். செதுக்கிய கதவுகள் ஆயிரம் இருக்கும். இடது மூலையில் கீல் மாற்றிய தழும்பும், மூன்றாவது பூவிதழில் உளி பட்ட காயமும் உள்ள கதவு ஒன்றுதான். நேராக, சாய்வாக, பின்பக்கம் என்று அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழற்றினால் மட்டுமே தெரியும் பக்கத்துக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு படம். தூண் நின்ற இடத்தின் படமும் வேண்டும்: பெயர்த்த அடையாளம் தூணின் அடியிலும் தரையிலும் பொருந்தினால் அதைவிடச் சாட்சி வேண்டாம். எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்தில் சேர்ப்பது அந்தந்த நாட்டுக் காவல்துறை வழியாகத்தான். அடையாளம் காணும் அளவுக்கு விவரமும் படமும் இல்லாவிட்டால் அங்கே ஏறாது. 2021 முதல் ஐடி-ஆர்ட் என்ற இன்டர்போலின் செயலி இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் தேடலாம், தன் பொருள்களின் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம்.

புகாரை ‘பழைய கதவு இரண்டு காணோம்’ என்று எழுதாதீர்கள். அத்துமீறி நுழைதல், திருட்டு, கட்டடத்துக்குச் சேதம் மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, பெயர்க்கும்போது சுவருக்கு நேர்ந்த கேடு, மீட்டமைப்பு மதிப்பீடு, பொருளின் வயது, ஏற்றுமதித் தடை பொருந்துமானால் அந்தச் சட்டப் பிரிவு எல்லாவற்றையும் முதல் புகாரிலேயே சேருங்கள். பின்னால் சேர்த்தால் ஊதிப் பெருக்கியதாகப் பார்ப்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாத வீட்டில் நடக்கும் திருட்டுக்கும் நாசவேலைக்கும் பணம் இல்லை என்ற நிபந்தனை பல பத்திரங்களில் ஒளிந்திருக்கும். நம்பகமான ஒருவரை வாடகை பெரிதாக எதிர்பார்க்காமல் குடிவைப்பது பூட்டு, கேமரா எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு.

பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், சேர்க்கலாம். திருடனைத் தடுக்கும் என்பதற்காக அல்ல. பாரம்பரிய மதிப்பு உண்டு என்பதை வழக்கில் நீங்கள் தனியே நிரூபிக்க வேண்டியிருக்காது, சில நாடுகளில் சீரமைப்புக்கு மானியமோ வரிச் சலுகையோ கிடைக்கும் என்பதற்காக. பதிலுக்கு, ஆணி அடிக்கவும் கேட்டுக்கொண்டு அடிக்கும் வாழ்க்கைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் கதவை என்றாவது இணைய விற்பனையிலோ ஏலப் பட்டியலிலோ பார்த்தால்: விற்பவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள், ஆள் உஷாராகிப் பொருளை மறைத்துவிடுவார். விலைக்கு வாங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், திருட்டுச் சந்தைக்கு நீங்களே வாடிக்கையாளர் ஆவதோடு வழக்கும் பலவீனப்படும். பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து, முகவரியைச் சேமித்து, பழைய புகார் எண்ணோடு அன்றைக்கே காவல்துறைக்குக் கொடுங்கள். ஏல நிறுவனம் என்றால் வழக்கறிஞர் வழியாக எழுத்துமூலம் உரிமை கோரி அறிவிப்பு அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு விற்றால், தெரியாமல் விற்றோம் என்று அவர்கள் சொல்ல முடியாது.